செருப்புத் துண்டு

ஃபினாயில் கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் மெஷின் எல்லாவற்றையும் கோணலாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினியர்கள் வந்து பார்த்துக் கையை விரித்த பிறகு, அந்த மெஷினில் வேலை பார்க்கும் அமலோற்பவம் தன் பிய்ந்த ரப்பர் செருப்பில் ஒரு துண்டை அறுத்து உருளைக்கடியில் செருகினாள். லேபிள் நேராக விழுந்தது. எப்படி என்று சூப்பர்வைசர் கோதண்டம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுமாதம் ‘சிறந்த யோசனை’ என்று கேன்டீன் சுவரில் அவன் படத்தை மாட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் அவளும் கைதட்டினாள். படத்துக்கடியில் ‘லேபிளை நேராக்கியவர்’ என்று எழுதியிருந்ததைப் படித்தபோது தட்டிய கை எரிந்தது.

அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் துண்டை உருவித் தூக்குவாளிக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒரு வாரத்தில், அவள் ஷிப்ட் முடிந்து கிளம்பும் நேரத்தில், மேனேஜரே வந்தார். “உன் ஷிப்டுல மட்டும் நேரா வருது. தெரிஞ்சத நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்தாத்தானம்மா கம்பெனி வளரும். என்ன செஞ்சேன்னு காட்டு.”

“நான் என்ன சார் செஞ்சேன்? சுவத்துல படமா தொங்குறாரே, அவரையே காட்டச் சொல்லுங்க.”

கோதண்டம் மண்டியிட்டு, நிறுத்தியிருந்த மெஷினுக்கடியில் கையை விட்டுத் துழாவினான். அமலோற்பவம் தூக்குவாளியை இடுப்போடு அணைத்துக்கொண்டு பார்த்தாள். அவன் ஷூவின் அடி கொஞ்சம்கூடத் தேய்ந்திருக்கவில்லை.