கை வைத்த இடம்

சுகிர்தாவின் உயரம் மூன்றரை அடி. தான் சம்பாதித்து வாங்கிய வீட்டின் சமையலறையில், தன் அளவுக்குக் கட்டிய தாழ்வான மேடையருகே நின்று, சுவரில் உள்ளங்கையைப் பதித்து, "பிளக் பாயிண்ட் இங்க வைங்க" என்றாள். இண்டக்‌ஷன் அடுப்புக்கு, குக்கருக்கு, கெட்டிலுக்கு.

வயரிங் செய்ய வந்த பஷீர் தயங்கினார். "இவ்ளோ கீழ யாரும் வைக்க மாட்டாங்கம்மா. வர்றவங்க குனிஞ்சுதான் சுவிட்ச் போடணும்."

"குனியட்டும் பாய்."

அவர் சிரித்தபடி அவள் கையைச் சுற்றிப் பென்சிலால் கோடிழுத்தார். அந்தக் கைக்கோட்டுக்குள்தான் சுவரை வெட்டினார்.

பால் காய்ச்சும் நாளன்று அண்ணன் வந்தான். ஆறடி ஆள். சிறு வயதிலிருந்து அவளுக்காக எல்லா சுவிட்சையும் போட்டுக் கொடுத்தவன். "தனியா எப்படி இருப்ப?" என்று கேட்டுக்கொண்டே அடுப்பைப் போடப் போனவன், பழக்கத்தில் மேலேயே சுவரைத் தடவினான்.

"சுவிட்ச் எங்கடி?"

"கீழ பாரு."

அவன் இடுப்பை வளைத்துக் குனிந்தான். அண்ணனின் உச்சந்தலை அவள் கண்ணுக்கு நேரே வந்தது. ரெட்டைச் சுழி. இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாது.