நாடிக்குக் கீழே ஒரு சாண்

மறுபடியும் கஜாலினி மைக்கைக் கழற்றி இடம் மாற்றினாள்.

முதலில் அதைச் சட்டைக் கழுத்தோடு குத்தியிருந்தாள். பதிந்ததைப் போட்டுக் கேட்டால், சிலுவைச் சங்கிலி உரசுகிற கரகரப்புத்தான் பெரிதாக இருந்தது. பிறகு வெட்டுப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கத்தி பலகையில் படும்போதெல்லாம் காதுக்குள் கோடாலி விழுந்தது.

இப்போது சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, நாடிக்குக் கீழே ஒரு சாண் விட்டு, நெஞ்சுப் பக்கமாக, புளியங்கொட்டை அளவிலிருந்த அந்தக் கறுப்புச் சாமானைக் குத்தினாள்.

கனடாவிலிருந்து தங்கச்சி தாரிகா அனுப்பியது. கூடவே காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் ஒன்றும், பூனைக்குட்டி மயிர்போலப் புசுபுசுவென்று ஒரு சின்னத் தொப்பியும் வந்திருந்தன. தொப்பி எதற்கென்று விளங்காமல் அதை யன்னலில் வைத்திருந்தாள். மைக்குக்குப் போடுவதாம். போட்டால் காற்று நேரே போய் அடிக்காதாம்.

நெடுந்தீவில் காற்றுக்கு என்ன குறை. சோளகக் காற்று தொடங்கினால் கல்வேலிக்கு மேலால் ஏறிக் குதித்து வரும். குசினிக்குள் வைத்துப் படம் எடுக்கலாமென்றால் புகையும் இருட்டும். முற்றத்தில் எடுத்த அவளுடைய சமையல் வீடியோக்கள் எல்லாவற்றிலும் காற்றுத்தான் முன்னுக்கு நின்று கதைத்தது.

“தங்கச்சி, காத்து நல்லாச் சமைக்குது. நீங்கள் சொல்லுறதுதான் கேக்கேல்லை” என்று பரிசிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்.

வாசித்துச் சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய்க் கொஞ்சம் அழுதாள்.

கஜாலினி கதைக்கப் பிறந்தவள். பள்ளிக்கூட நாட்களில் வாய் மூடாததற்காகவே வாங்கில் ஏறி நின்றவள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அந்த வாய் மெல்ல மெல்ல அடங்கிப்போனது. வாய்விட்டுக் கதைக்க அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்தச் சின்னத் திரை. அங்கேயும் ஒருவருக்கும் கேட்கவில்லையென்றால் என்ன செய்வது.

தொப்பியை மைக்குக்கு மாட்டினாள். மேசையை இழுத்துக் கல்வேலியின் மறைவில் போட்டாள்.

படம் எடுப்பது அவளுடைய புருசன் றெக்ஷன். கடலில் பழகிய கை, ஆடாது. ஆனால் போனைப் பிடித்தால் அவளுடைய வாயைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டான். அதனால் அவளுடைய வீடியோக்களில் முகம் பெரிதாகவும் சட்டி சின்னதாகவும் இருக்கும்.

படம் எடுக்கிற ஆள் ஹெட்போனைப் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் எடுக்கவேணுமென்று தாரிகா சொல்லியிருந்தாள். கஜாலினி அதை அவனுக்குச் சொல்லவில்லை.

கையை உயர்த்தினாள். அதுதான் தொடங்கு என்பதற்கு அடையாளம்.

றெக்ஷன் தொடங்கவில்லை. போனில் செருகியபடி தொங்கிக்கொண்டிருந்த ஹெட்போனைப் பார்த்தான். விளையாட்டுப்போல எடுத்துத் தலையில் மாட்டினான். சத்தத்தை முழுக்கக் கூட்டிவிட்டு, எப்படி என்று புருவத்தை உயர்த்திக் காட்டினான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்போடேயே தொடங்கினாள். இன்றைக்குத் திருக்கை வறை. திருக்கையை முதலில் அவித்து, தோலை உரித்து, முள்ளை எடுத்து, கையாலேயே உதிர்த்துக்கொள்ள வேண்டும்.

போன் மெல்லத் தாழ்ந்தது. நிலத்தைப் படம் எடுக்கத் தொடங்கியது.

ஏதோ பிழைத்துவிட்டதாக்கும் என்று நினைத்தாள். ஆனாலும் வெங்காயம், செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூ என்று சொல்லிக்கொண்டே போனாள்.

றெக்ஷன் போனை மண்ணில் வைத்துவிட்டுக் குந்தினான். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்தினான்.

பிறகு கண்ணை மூடினான்.

அவள் கதைத்துக்கொண்டிருக்கும்போது அவன் கண்ணை மூடியதேயில்லை. அவளுக்கு வார்த்தை நின்றுபோனது.

“நிப்பாட்டாதையும்,” என்றான். கண் இன்னும் மூடித்தான் இருந்தது.

கஜாலினி நெஞ்சில் கையை வைத்தாள். கை மைக்கில் பட்டுவிட்டது. அவன் திடுக்கிட்டுத் துள்ளி, சின்னப்பிள்ளைபோலச் சிரித்தான். முகம் நனைந்திருந்தது.

நம்புவதா விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மெல்லத் திரும்பினாள். அவனுக்கு முதுகைக் காட்டி, கல்வேலியின் வெள்ளைக் கற்களைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவரைக் கூப்பிடுவதுபோல மெதுவாகக் கூப்பிட்டாள்.

“இஞ்சேருங்கோ.”

காற்று பனைகளைப் போட்டு உலுப்பியது. அடுத்த வளவில் மாடொன்று கத்தியது.

“ஓம்,” என்று அவளுக்குப் பின்னாலிருந்து மறுமொழி வந்தது.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அப்படியே நின்று, கல்வேலிக்கே சொல்வதுபோல, திருக்கையை அவிப்பதிலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.

கடலட்டை பிடிக்கக் கடலுக்கடியில் ஆழம் ஆழமாய்ப் போய்வந்ததில் றெக்ஷனுக்கு ஒரு காது முற்றாகவும் மற்றது முக்காலுமாகவும் போயிருந்தது. காதில் வைக்கிற கருவியையும் போட்டுப் பார்த்தான். எல்லாச் சத்தமும் ஒன்றாய்க் கலந்து இரைகிறதென்று கழற்றி அலுமாரிக்குள் போட்டுவிட்டான்.

கலியாணம் பேசி வந்தது அதற்குப் பிறகுதான்.