பேச்சில்லை

வீட்டின் வசதிக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் உள்ள தொடர்புதான், முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் ஜெசிந்தா விடாமல் துரத்திய ஆராய்ச்சி. இரண்டு வயதுக் குழந்தைகளின் சட்டைப் பையில் தீப்பெட்டி அளவு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வைத்துத் தைத்துவிடுவாள். அன்று முழுக்கப் பெரியவர்கள் குழந்தையிடம் பேசும் சொற்களை அது எண்ணிவிடும். அடுக்ககத்தின் எட்டாம் மாடியில் வளரும், அவள் பட்டியலின் நாற்பத்தோராம் குழந்தைக்குப் பதினெட்டாயிரம் சொற்கள் கிடைத்திருந்தன. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், பக்கத்து வீட்டார் பொறுப்பில் கிடக்கும் நாற்பத்திரண்டாம் குழந்தைக்கு எண்ணூறு.

கருவி சரியாகத்தான் எண்ணியதா என்று இரண்டு பதிவுகளையும் கேட்டுப் பார்த்தாள். எட்டாம் மாடியில் ஓயாமல் பேசியது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. "காக்கா பாரு, மூக்கத் தொடைக்குது. உன்ன மாதிரியே அதுக்கும் சளி." கரகரத்த குரல். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது.

இன்னொரு பதிவில் பகலெல்லாம் டிவி இரைச்சல். சாயங்காலம் கதவு திறந்தது. "ம்மா" என்று குழந்தை ஓடியது.

"சும்மா இரு கண்ணு. காலைலேர்ந்து பேசிப் பேசி அம்மாக்குத் தொண்டத் தண்ணியே வத்திப்போச்சு."

ஜெசிந்தா பதிவைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டாள். அதே கரகரத்த குரல்தான்.

அதன்பிறகு அங்கே யாரும் பேசவில்லை. பாய் விரிக்கும் சத்தம், கொஞ்சம் கழித்து மெல்லிய குறட்டை. கூடவே, தூங்குகிறவளின் முதுகில் சின்னக் கை ஒன்று தட்டிக்கொடுக்கும் சத்தம். அந்த நாற்பது நிமிடத்துக்கும் கருவி 'பேச்சில்லை' என்று குறித்திருந்தது.

ஜெசிந்தா அந்தத் தட்டல்களை எண்ணத் தொடங்கினாள்.