உறை பிரிக்காத கைப்பிடி

"லிஃப்ட் இருக்கு, இன்வெர்ட்டர் இருக்கு. பெரியவங்களுக்குன்னே பாத்ரூம்ல கைப்பிடிகூட வெச்சிருக்கேன்" என்றார் வீட்டுக்காரர் குணசீலன், வாடகைக்கு வீடு பார்க்க வந்த தம்பதியிடம்.

வீட்டைக் காலி செய்யப்போகும் கதிர்வேலு, மாவுக்கட்டுப் போட்ட காலோடு ஹாலில் படுத்திருந்தார். குடிவந்த நாளிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்த கைப்பிடி அது. போன மாதம் அங்கேதான் வழுக்கி விழுந்தார். நேற்றுதான் அதைப் பொருத்தினார்கள்.

வந்த பெண் அவரிடமே கேட்டாள்: "எங்க மாமியாருக்கு நடை தள்ளாடும். கைப்பிடி உறுதியா இருக்குங்களா?"

கதிர்வேலு குணசீலனை ஒரு கணம் பார்த்தார்.

"உறுதிதாம்மா. நானே அதைப் பிடிச்சுத்தான் தினமும் எந்திரிக்கிறேன்."

அவள் குளியலறைப் பக்கம் திரும்பினாள். குணசீலன் முந்திக்கொண்டு உள்ளே ஓடி, கைப்பிடியை மூடியிருந்த பிளாஸ்டிக் உறையை நகத்தால் கிழித்தார். அது சரசரத்தது. சத்தம் ஹாலுக்குக் கேட்டிருக்கும்.