ஒரு துளி உப்பு

கண்ணுக்குப் புலப்படாத தூசியிலும் குறைவின்றி நிறைந்திருக்கும் பரம்பொருளே, உன் திருவடியை முதற்கண் வணங்கி, தூசிக்கு இடமே தராத ஓர் அறையின் வாசலில் நிகழ்ந்ததைச் சொல்லத் தொடங்குகிறோம்.

அது சிப் தயாரிக்கும் தொழிற்சாலை. 'கிளீன் ரூம்' எனப்படும் அதன் உள்ளறைக்குள் செல்வோர், உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடையால் மூடிக்கொள்ள வேண்டும். கண்கள் மட்டுமே கண்ணாடிக்குப் பின்னால் தெரியும்.

அன்று காலை உடை மாற்றும் அறையில், இயந்திரம் இயக்கும் பெண் ஒருத்தியின் கண்கள் சிவந்திருந்தன.

"நில்லுங்க" என்றார் சூப்பர்வைசர். தொழிலாளர் அவருக்கு வைத்திருந்த பெயர் 'இரும்புக் கதவு'.

"அழுதீங்களா?"

"இல்ல சார்... கண்ணுல தூசி."

"தூசியா? இங்கேயா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"கண்ணீர்ல உப்பு இருக்கு. ஒரு துளி சிலிக்கான் தகட்டுல பட்டாப் போதும், அதுல செய்யற சிப் அத்தனையும் பாழ். இன்னிக்கு நீங்க உள்ளே வரக் கூடாது. கிளம்புங்க."

"துடைச்சுக்கிட்டேன் சார். இனிமே அழ மாட்டேன்."

"துடைச்ச கையிலயும் அதே உப்புதான்."

அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. அன்று மதியம் அவளுடைய தந்தைக்கு இதய அறுவை சிகிச்சை. தியேட்டருக்குள் கொண்டுபோகுமுன் ஒரு முறை அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று முந்தைய நாளே விடுப்புக் கேட்டாள். "கிடையாது, டியூட்டிக்கு வந்தாகணும்" என்று இதே மனிதர் மறுத்துவிட்டார். அவள் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருப்பவள். அப்பருவத்தில் விடுப்பு எடுத்தவரை அங்கே நிரந்தரமாக்குவதில்லை. அவள் சம்பளத்தை நம்பித்தான் அந்த வீடே இருந்தது. ஆகவே மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தாள்.

இப்போது அந்த வேலைக்கும் ஆபத்து.

அவள் வெள்ளை உடையைக் கழற்றி மாட்டினாள்.

அடுத்த இருக்கையிலிருந்து 'ரேடியோ அக்கா' எழுந்தாள். ஆலையில் எந்தச் செய்தியும் அவள் வாய் வழியாகத்தான் பரவும்.

"நீங்க மனுஷன்தானா சார்? நேத்து லீவு கேட்டா இல்லைன்னீங்க. இன்னிக்கு வேலைக்கு வந்தா வெளியே போன்னு சொல்றீங்க. அவ எங்கதான் போவா?"

"அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்கம்மா. உங்க மாஸ்க் கோணலா இருக்கு. சரி பண்ணுங்க."

பிறகு அவர் வாயில் காவலரைத் தொலைபேசியில் அழைத்தார். "அந்தப் பொண்ணு வெளியே போயிட்டாங்களா? நல்லது. திரும்பி வந்தா உள்ளே விடாதீங்க."

அதோடு நிற்காமல், தாமே வெள்ளை உடை அணிந்து, அவளுடைய இயந்திரத்தின் முன் போய் நின்றுகொண்டார்.

"மெஷின்னா உயிரு. பெத்த அப்பனுக்காக ஒருத்தி அழுதா மட்டும் அது குத்தம்!" என்று முணுமுணுத்தாள் அக்கா.

மதிய உணவு வேளையில் கேன்டீனில், அந்த அறையின் காற்றையும் நீரையும் கவனித்துக்கொள்ளும் பொறியாளர் எதிரே வந்து உட்கார்ந்தார். அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் தம்பி, கண்ணீர் பட்டா சிப் கெட்டுப்போயிடுமா?"

"பட்டா கெடும்தான் அக்கா. ஆனா எப்படிப் படும்? கண்ணுக்குக் கண்ணாடி, வாய்க்கு மாஸ்க். தகடோ மூடின பெட்டிக்குள்ளேயே பயணம் பண்ணுது. போதாததுக்கு நாங்க வேற கூரையிலேர்ந்து காத்தைத் தள்ளி, தரையில இருக்கற துளை வழியா இழுத்துக்கிட்டே இருக்கோம். நீங்க உள்ளே நின்னு ஒப்பாரியே வெச்சாலும் தகட்டுக்குக் கேக்காது."

"அப்போ அழுதவங்களை உள்ளே விடக் கூடாதுன்னு விதி எதுவும் இல்லையா?"

"நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

அக்கா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "படுபாவி! இல்லாத விதியைச் சொல்லி அவளை விரட்டியிருக்காரு. இதை நான் சும்மா விடமாட்டேன்."

நேராக, வருகையைப் பதிவு செய்யும் டைம் ஆபீஸுக்குப் போனாள்.

"என்ன அக்கா, ஒலிபரப்பு இந்தப் பக்கம் திரும்பியிருக்கு?" என்றார் அங்கிருந்த எழுத்தர்.

"கேலியெல்லாம் அப்புறம். அந்தப் பொண்ணுக்கு லீவுன்னு போட்டுடாதீங்க. அவளாப் போகலை, சூப்பர்வைசர்தான் விரட்டினாரு. நாங்க அத்தனை பேரும் சாட்சி."

"லீவா? மாசுன்னு சொல்லி சூப்பர்வைசரே வெளியே அனுப்பினா, அது வேலை செஞ்ச நாள் கணக்குதான். அவங்க பர்மனென்ட் ஆகறதுக்கு ஒரு தடையும் வராது."

அக்காவுக்குக் கோபம் பாதியில் நின்றது.

"மாசுன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

"அவரேதான். 'அழுதுட்டாங்க, வெளியே அனுப்பிட்டேன்'னு சொல்லிட்டுப் போனாரு."

"எப்போ வந்தாரு? அவ போனதுலேர்ந்து அவ மெஷின்லதானே நிக்கறாரு? சாப்பிடக்கூட இன்னும் வெளியே வரலையே?"

"காலையில நான் இந்தக் கதவைத் திறக்கறப்பவே வந்து நின்னாரே அக்கா. அந்தப் பொண்ணு வர்ற கம்பெனி பஸ் அப்போ கேட்டுக்குள்ளேயே வரலை."

இதைப் படித்தவரும், படிக்கக் கேட்டவரும், அவர்தம் பெற்றோரும் பிள்ளைகளும் நோயின்றி நீடு வாழ்க.