முன்னால் போகும் குரல்

பனிச்சறுக்குப் பயிற்சியில் இமோஜன் மறுபடியும் விழுந்தாள். இந்த முறை கொடிக் கம்பத்தில் தட்டிக்கூட விழவில்லை. சரிவு தொடங்கும் விளிம்பிலேயே கால்களை இறுக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

வழிகாட்டியாக அவளுக்கு முன்னால் கீழே போயிருந்த ராஸ் திரும்ப ஏறி வந்தபோது, அவள் பனிக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஈரம். கேட்டதற்கு, காற்று என்றாள். அன்று காற்றே இல்லை.

சின்ன வயதிலேயே அவளுடைய கருவிழிகள் பால்போல வெளுத்துவிட்டன. முன்னால் சறுக்கிப் போகும் ராஸின் ஆரஞ்சுச் சட்டை மட்டும் ஒரு கறையாகத் தெரியும்; மற்றதெல்லாம் வெள்ளை. தலைக்கவசத்துக்குள் ஒலிக்கும் அவன் குரலைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் மலையிறங்கி வந்தாள்.

அந்தக் குரல் 'இடது', 'பொறு', 'விடு' என்று செய்ய வேண்டியதை மட்டுமே சொல்லும். எதிரே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் சொல்லாது. வழிகாட்டிகள் எல்லோரும் அப்படித்தான். யோசிக்க விட்டால் வேகம் போய்விடும்.

போன கோடையில் வலது கண்ணில் வலி தாங்க முடியாமல் போய், கருவிழியை மாற்றி வைத்தார்கள். வலி குறையும், அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்காதே என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வலி போனது. பனிக்காலம் வந்து, ஜிண்டபைன் ஊருக்கு மேலே மலையில் இந்தப் பயிற்சி வாரம் தொடங்கியதும் வேகமும் போனது. மிச்சமிருந்த மங்கலையும் அந்தக் கத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று ராஸ் முடிவுக்கு வந்திருந்தான்.

சனிக்கிழமை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அணியின் தேர்வு. காலையில் பார்வைக் குறைவை உறுதிசெய்யும் கண் பரிசோதனை, அதன் பிறகு ஓட்டம். இதை விட்டால் இமோஜனின் வயதுக்கு இன்னொரு வாய்ப்பு வராது. அவள் போனால், அவளுக்கு முன்னால் போவதைத் தவிர வேறெதையும் கற்றுக்கொள்ளாத ராஸும் போக வேண்டியதுதான்.

மதியம் பயிற்சியாளர் ஹெட்லி அவனைத் தனியே அழைத்து, இமோஜன் விழுந்ததை எடுத்திருந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். ராஸ் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் விளிம்பில் அவள் முழங்கால்கள் பூட்டிக்கொள்கின்றன. ஹெட்லி அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார்.

"நீ சொல்றதுக்கு முன்னாடியே பிரேக் போடுறா பாரு. உன் குரலையே அவ நம்பலப்பா. போதும்னு நீயே அவகிட்ட சொல்லிடு. நான் சொன்னா தாங்க மாட்டா."

அன்று சாப்பாட்டு மேஜையில் யாரும் யாரையும் பார்த்துப் பேசவில்லை. பரங்கிக்காய் சூப் ஆறிக்கொண்டிருந்தது. ஒற்றைக் காலில் சறுக்கும் டாரில்தான் அந்த அமைதி பிடிக்காமல் ஆரம்பித்தான்.

"எனக்கும் பயம் இருக்குப்பா. தெனமும் எழுந்ததும் போர்வையத் தூக்கிப் பாத்துக்குறேன். ராத்திரியோட ராத்திரியா கால் முளைச்சுத் தொலைச்சா, சனிக்கிழமை பெட்டியக் கட்டி வீட்டுக்கு அனுப்பிடுவாங்களே."

மேஜை முழுக்கச் சிரித்தது, ஹெட்லியும் சிரித்துவிட்டார். இமோஜனின் கரண்டி மட்டும் பாதியில் நின்றது. கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்து அறைக்குப் போனாள். ராஸ் முறைத்ததும் டாரில் தன் பாதிக் காலைத் தட்டிக் காட்டி, நான் என்னைத்தானே சொன்னேன் என்று முணுமுணுத்தான்.

வெள்ளிக்கிழமை வானம் கழுவி வைத்தாற்போல் இருந்தது. லிஃப்ட் நாற்காலியில் இருவரும் மேலே போனார்கள். எப்போதும் கால்களை ஆட்டிக்கொண்டு சத்தமாகப் பாடி வருகிறவள், அன்று கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியதை ராஸ் மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தான். எந்த வரிசையில் வைத்தாலும் அது ஒரே மாதிரிதான் முடிந்தது.

உச்சியில் இறங்கி விளிம்புக்கு வந்தார்கள். கீழே கொடிகள் சிவப்பும் நீலமுமாகச் சின்னதாகி, யூகலிப்டஸ் மரங்களுக்குள் போய் மறைந்தன. ராஸ் தலைக்கவசத்து ஒலிவாங்கியை அணைத்தான். இதை வெறும் குரலில்தான் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

"இம்மி, இதோட நிறுத்திக்கலாம். நாளைக்கு யாரோ முன்பின் தெரியாதவங்க டார்ச் அடிச்சுப் பாத்துச் சொல்ல வேணாம். என்கிட்ட சொல்லு. இருந்த கொஞ்சமும் போயிடுச்சுல்ல?"

அவள் பனிக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கையுறையைக் கழற்றி, இடது கண்ணை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு, மெதுவாகக் குனிந்து கீழே பார்த்தாள்.

"இந்த மலை இவ்வளவு செங்குத்துன்னு நீ ஒரு தடவகூட சொல்லலையே, ராஸ்."