டெலிபிரிண்டர் பேசவில்லை

“ஏந்தம்பி, இந்த மிசினு வாயத் தொறக்குமுங்களா, இல்ல துணியப் போட்டு மூடீரலாங்களா?”

கத்தரீனாள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஏசுரத்தினம்தான் ஸ்பேனரும் கையுமாக மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

எலப்புள்ளி பம்பு கம்பெனியில் ஒரு பழைய டெலிபிரிண்டரைப் பொருத்திக் கொடுக்க வந்த மெக்கானிக் அவன். கத்தரீனாள் அந்த ஆபீஸ் டைப்பிஸ்ட், எருத்தேன்பதிக்காரி, அவனைவிடப் பத்து வயது மூத்தவள். இங்கே அவள் தட்டும் எழுத்து கம்பி வழியாகப் போய்க் கோயம்புத்தூர் ஹெட் ஆபீஸ் மெஷினில் அச்சாக வேண்டும். அங்கே தட்டினால் இங்கே அச்சாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுதான் நடந்து தொலைக்கவில்லை.

கோயம்புத்தூர் முனையில் உட்கார்ந்திருந்தவர் அவனுடைய முதலாளி துரைசுவாமி. பழைய மெஷின்களை வாங்கிப் பழுதுபார்த்து விற்கிறவர். ஏசுரத்தினம் பொருத்திய முந்தின இரண்டு மெஷின்களும் மக்கர் பண்ணியிருந்தன. அதனால் நேற்றே கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“வெள்ளிக்கிழமை பகல் பன்னெண்டு மணிக்கு மெஷின் பேசணும். பேசலைன்னா நீ கடைப்பக்கமே வரவேண்டாம்.”

வேலை போனால் சித்திரபுரத்தில் அவனுக்கு நிச்சயித்திருக்கும் பெண்ணும் போன மாதிரிதான். பெண்ணின் அப்பா மின்சார வாரியத்தில் இருப்பவர். வேலையில்லாத மாப்பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்.

இத்தனைக்கும் பையன் சுறுசுறுப்பு. காலை ஏழு மணிக்கே வந்து, பத்தரைக்கெல்லாம் வேலையை முடித்துவிட்டான். ‘எப்படி நம்ம வேகம்!’ என்று பெருமை வேறு. கத்தரீனாள் முதல் செய்தியைத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். ம்ஹூம்.

அதற்கப்புறம் அவன் பார்க்காத இடம் பாக்கியில்லை. பியூஸைப் பார்த்தான், மோட்டாரைப் பார்த்தான், பெல்ட்டைக் கழற்றி மாட்டினான். கோயம்புத்தூருக்கு டிரங்க் கால் போட்டிருந்தார்கள். அது கிடைப்பதற்குள் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம்.

“மோட்டாரு ஓடுது, இங்க காயிதத்துல எழுத்து விழுது. பெறகு என்ன கேடுக்கா இதுக்கு? அனுப்புற பாகத்துலதான் என்னமோ கோளாறு. நான் உள்ள பாக்கேன், நீங்க நிறுத்தாம எதாச்சும் அடிங்க.”

“எதாச்சும்னா? ‘கிடைத்ததா, கிடைத்ததா’ன்னு இருவது தடவ அடிச்சாச்சுங் தம்பி. இனி நீங்களே சொல்லுங்க.”

ஏசுரத்தினம் மெஷினுக்குள் தலையை விட்டான். மணி பதினொன்றரை. வயிற்றெரிச்சல் வாய்க்கு வந்துவிட்டது.

“சொல்லுதேன், அடிங்க. எங்க முதலாளி துரைசுவாமி ஒரு கஞ்சன்.”

“தமிழ்லயேவா?”

“இங்கிலீசு எழுத்துல தமிழ அடிங்க. எழுத்து விழுந்தாச் சரி.”

“ஐயோ மாதாவே! இது அங்க போயிராதுங்களா?”

“போனா மொதல்ல சந்தோசப்படுத ஆளு நாந்தான். வேலை தப்பிச்சிருமே! எங்க போவுது? நீங்க அடிங்கக்கா.”

கத்தரீனாள் அடித்தாள்.

“எச்சக் கையால காக்கா ஓட்டமாட்டாரு.”

டக் டக் டக்.

“மூணு வருசமா ஒரே சம்பளம். கேட்டா, ‘உனக்குத் தொழில் கத்துத் தாரேனே, அதுக்கு நீயில்ல எனக்குத் தரணும்’ங்காரு.”

டக் டக் டக்.

“கலியாணத்துக்கு நாலு நாள் லீவு கேட்டேன். ‘தாலி கட்ட அஞ்சு நிமிசம் போதுமே, எதுக்கு நாலு நாளு’ன்னாரு.”

“அடப்பாவி மனுசா! மெய்யாலுமுங்களா?” என்ற கத்தரீனாள், அவன் சொல்லாமலே ‘இது ரொம்ப அநியாயம்’ என்று ஒரு வரியைத் தன் பங்குக்குச் சேர்த்து அடித்தாள். எழுத்தெல்லாம் நன்றாகத்தான் விழுந்தது. பதில்தான் இல்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மெஷினைப் பூட்டி முடித்தான். கையில் ஒரு திருகாணி மிச்சம். அது எங்கே இருந்து வந்தது என்று தேடக்கூட அவனுக்குத் தெம்பில்லை. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

“கலியாணப் பத்திரிகைகூட அடிச்சாச்சுக்கா. அவ மொகத்துல எப்படி முழிப்பேன்?”

“மனசத் தளர உடாதீங் தம்பி. கர்த்தரு ஒரு வழி காட்டுவாரு” என்றாள் கத்தரீனாள். அவளுக்கும் கண் கலங்கிப் போயிற்று.

கம்பெனியின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. ஏசுரத்தினம் ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டு எழுந்தான்.

கடகடகடவென்று மெஷின் தானாக அடிக்க ஆரம்பித்தது.

“தம்பீ! பேசுதுங், பேசுதுங்!” கத்தரீனாள் துள்ளினாள். ஏசுரத்தினம் பையைத் தொப்பென்று போட்டுவிட்டு ஓடி வந்தான். வேலை தப்பித்தது! பெண்ணும் தப்பித்தாள்! அவன் மேலே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான்.

கத்தரீனாள் காகிதத்தைக் கிழித்தெடுத்து உரக்கப் படித்தாள்.

“ஏசுரத்தினம், பத்தரையிலிருந்து அனுப்பிய எல்லா வரியும் பளிச்சென்று வந்தது, ராகு காலம் முடிந்து நான் முதல் எழுத்தைத் தட்டலாம் என்றுதானே பன்னிரண்டு மணி என்று சொன்னேன், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ‘கஞ்சன்’ என்ற வார்த்தையில் மட்டும் ஓர் எழுத்து மாறி விழுந்தது, அதைச் சரி பண்ணிவிட்டு நாலு நாள் லீவுக்கு இதிலேயே எழுதி அனுப்பு.”